மரம், மண், உலோகம்: மூன்றுக்கும் பொதுவான டிசைன் விதிகள் உண்டா?

வார இறுதிகளில் மரவேலை பழகுகிறீர்கள், களிமண்ணும் தொட்டுப் பார்த்துவிட்டீர்கள், அடுத்து பித்தளைத் தகட்டு வேலைக்குப் போக ஆசை. மூன்றுக்கும் பொதுவான டிசைன் விதிகள் ஏதாவது இருக்கிறதா, தங்க விகிதத்தை (ஒரு பக்கம் 1 என்றால் இன்னொரு பக்கம் 1.618 என்ற கணக்கு) பிடித்துக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், "படத்தில் நன்றாக இருப்பது செய்து முடித்ததும் ஏனோ சரியாகத் தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிதான் என்று நினைக்கிறேன். காகிதத்தில் சரியாக இருந்த ஒன்று, பொருளாக மாறும்போது எந்த இடத்தில் கெடுகிறது?

நான் படித்தது பர்னிச்சர் டிசைன், பிழைப்பும் மரப் பட்டறையில்தான். சக்கரத்தில் மண் பிடிக்கத் தெரியும், ஆனால் கிளேஸின் (மண்பாத்திரத்தின் மேல் போடும் கண்ணாடிப் பூச்சின்) வேதியியலுக்குள் ஆழமாகப் போனதில்லை. தகட்டு வேலை ஓரளவு செய்திருக்கிறேன். வார்ப்பு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி, நானே உருக்கி ஊற்றியதில்லை. அதனால் மரத்தைப் பற்றி அடித்துச் சொல்வேன். மற்ற இரண்டிலும், அந்தக் கைவேலைக்காரர்கள் தினமும் பார்த்து உறுதிசெய்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

என் பதில் இதுதான். வடிவத்தை வரைவதற்கு முன்னால், இந்தப் பொருள் நான் செய்து முடித்த பிறகு எப்படி நகரும், எவ்வளவு சுருங்கும், எங்கே இறுகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, அதைத் தொடுகிற கையையும் உடம்பையும் பாருங்கள். கண்ணுக்கான கணக்கை மூன்றாவதாக வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். அறுத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு வீட்டுக்குள் வைத்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடும். நார் ஓடுகிற நீளவாக்கில் இந்த மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சின்னது. குறுக்குவாக்கில் அப்படியில்லை. தேக்கு அடக்கமான மரம் என்று பெயர் எடுத்தது. அதுவே பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது, வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. 60 செ.மீ. அகலத்தில் ஒரு தேக்கு மேசைப்பலகை செய்கிறீர்கள் என்று வையுங்கள். மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினாலே, பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து 2 முதல் 5 மி.மீ. வரை அதன் அகலம் மாறும். அடியில் குறுக்குச் சட்டம் வைத்து, பசை தடவி, ஆணியும் அடித்துவிட்டால் அந்த 5 மி.மீ. போவதற்கு இடமில்லை. பலகை பிளக்கும், இல்லையென்றால் வளையும். எவ்வளவு நல்ல பசை போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூ போகும் துளையை நீள்வட்டமாக எடுத்துவிட்டால் போதும், ஸ்க்ரூ பலகையோடு சேர்ந்து நகர்ந்துகொள்ளும்.

பழைய வீட்டுக் கதவுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான்கு சட்டங்கள், நடுவே பலகை. அந்தப் பலகையின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசை இல்லாமல் சும்மா செருகியிருப்பார்கள். ஓரம் சரிவாக இறங்குவதை நாம் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறோம். தடித்த பலகையின் விளிம்பை ஒரு குறுகிய காடிக்குள் நுழைப்பதற்கு அதுதான் வழி. பெயின்ட் அடித்த கதவாக இருந்தால் கோடைக்காலத்தில் பலகையின் ஓரம் நெடுக ஒரு மெல்லிய கோடு, பெயின்ட் படாத வெறும் மரமாகத் தெரியும். பலகை உள்ளே இழுத்துக்கொண்டதன் அடையாளம் அது. மழை வந்ததும் மறைந்துவிடும். நீங்கள் இப்படி ஒன்று செய்தால், பலகையைச் சட்டத்தில் கோர்ப்பதற்கு முன்பே ஓரம் வரை பாலிஷ் போட்டுவிடுங்கள். கோர்த்த பிறகு போட்டால் அந்தக் கோடு வருடாவருடம் எட்டிப்பார்க்கும்.

மரத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள். அலமாரித் தட்டு தொய்வது நீளத்தோடு நேர்க்கணக்கில் கூடுவதில்லை. அதே மொத்தப் பாரத்துக்கு, தாங்கும் இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். புத்தகம் அடுக்குகிற 18 மி.மீ. தட்டுக்கு நான் 75 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடுவதில்லை. அடுத்தது நாற்காலி. நாற்காலிகள் பெரும்பாலும் உடைவது பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் மூட்டில். உட்காருகிறவர் பின்னால் சாயும்போதெல்லாம் அந்த மூட்டைத்தான் நெம்புகிறார். சட்டத்தைத் தடிமனாக்குவதைவிட மேலும் கீழுமாக அகலமாக்குவதுதான் அங்கே பலன் தரும். கழுந்தின் (காலின் துளைக்குள் செருகுகிற சட்டத்தின் நுனி) கனம் காலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு, இன்றும் அது பழுதில்லாத கணக்கு. படத்தில் ஒல்லியான சட்டம் அழகாகத்தான் இருக்கும். மூட்டுக்குள் கழுந்துக்கு இடம் இருக்கிறதா என்பதைப் படம் காட்டாது.

மண் வேறு ரகம். மரம் ஏறி இறங்கும், மண் ஒரே போக்காகச் சுருங்கும், திரும்பி வராது. காய்ந்து சுட்டு எடுக்கும்போது மொத்தச் சுருக்கம் பல மண்களில் 8 முதல் 15 சதவீதத்துக்குள் அமையும். உங்கள் மண்ணின் கணக்கை நீங்களேதான் எடுக்கவேண்டும். பச்சை மண்ணில் ஒரு பட்டை செய்து, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, நீங்கள் வழக்கமாகச் சுடுகிற சூட்டிலேயே சுட்டு எடுத்து அளந்து பாருங்கள். கோடு 8.8 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 12 சதவீதம். சுட்ட பிறகு 10 செ.மீ. உயரம் வேண்டும் என்றால் 10-ஐ 0.88-ஆல் வகுக்கவேண்டும், 11.4 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். 10-உடன் 12 சதவீதத்தைக் கூட்டி 11.2 செ.மீ. செய்கிறவர்கள் நிறைய. டம்ளருக்கு அது பெரிய வித்தியாசமில்லை. மூடி போட்ட ஜாடியில் மூடியை ஒரு நாளும் ஜாடியை இன்னொரு நாளும் அளவு தப்பிச் செய்தால் மூடி உள்ளே விழுந்துவிடும். இரண்டையும் ஒரே மண்ணில் ஒரே வேளையில் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தே காயவைப்பது நல்லது.

சுருங்குவதைவிட, சமமாகச் சுருங்காததுதான் பாத்திரத்தை உடைக்கிறது. அடி தடிமனாகவும் பக்கம் மெல்லிசாகவும் இருந்தால் பக்கம் முதலில் காய்ந்து இறுகிவிடும், பிறகு அடி காயும்போது நடுவில் விரிசல் விடும். ஈரமான கைப்பிடியைக் காய்ந்த கோப்பையில் ஒட்டினால் ஒட்டிய இடத்திலேயே பிளவு. நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழுகிற பதத்தில் இரண்டும் இருக்கும்போது ஒட்டவேண்டும். கிராமத்துக் கோயில் வாசலில் நிற்கிற ஐயனார் குதிரையைப் பாருங்கள், ஆள் உயரத்துக்கு மேல் இருந்தாலும் உள்ளே கூடு. சுவரின் கனம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கவும், உள்ளிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேறவும் அதுதான் வழி. சமையல் சட்டிக்கு அடி உருண்டையாக இருப்பதும் இந்தக் கணக்கில் வருவதுதான். கூர்மையான மூலை இருந்தால் சூடு ஏறும்போது இழுவிசை அங்கே வந்து குவியும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். வளைவில் அது பரவிப் போய்விடும். சக்கரத்தில் எழுப்பிய பானையைப் பிறகு பலகையாலும் கல்லாலும் தட்டித் தட்டி அடியை உருட்டுகிறார்களே, சுவர் மெலிந்து சீராவதும் மண் நெருங்குவதும் அந்தத் தட்டலில்தான். இது சட்டி செய்கிறவர்கள் காலம்காலமாகக் கண்ட டிசைன். இதற்கு மேல் இதில் நாம் சேர்க்க ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

உலோகத்தில் கேட்கவேண்டிய கேள்வி இறுக்கத்தைப் பற்றியது. செம்பு, பித்தளைத் தகட்டை அடிக்க அடிக்க அது கெட்டியாகும். ஒரு கட்டத்துக்கு மேல் அடித்தால் கீறும். அதற்கு முன்பே நெருப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி இளக்கிக்கொள்ளவேண்டும், பிறகு மறுபடி அடிக்கவேண்டும். ஆழமான சொம்பு ஒன்று வருவதற்குள் இது பல தடவை நடக்கும். ஆக ஆழத்தைக் கூட்டுகிற ஒவ்வொரு கோடும் கூடுதல் சூடு, கூடுதல் வேலை, கூடுதல் விலை. இன்னொன்று, 1 மி.மீ. தகடு தட்டையாக இருந்தால் தொளதொள என்று இருக்கும். அதற்கு விறைப்பு வடிவத்திலிருந்துதான் வருகிறது: ஒரு மடிப்பு, ஒரு வளைவு, கம்பி வைத்து உருட்டிய விளிம்பு.

இதற்கு நம் அடுக்களையிலேயே நல்ல சாட்சி இருக்கிறது, டபரா டம்ளர். டம்ளரின் வாய் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரிந்து மடங்கியிருக்கும். அந்த மடிப்பு இல்லாவிட்டால் மெல்லிய தகட்டின் வாய் ஒரு தடவை கீழே விழுந்ததுமே நெளிந்துவிடும். காபி கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் விளிம்புக்குக் கீழே, காபி எட்டாத இடத்தில், விரல் நுனியால் பிடித்துக்கொள்ளலாம். விளிம்பு கை நழுவாமல் காக்கும். ஆற்றும்போது அந்த மெல்லிய ஓரத்தில்தான் காபி வெட்டுப்பட்டது மாதிரி பிரிந்து விழுகிறது, உருண்டு தடித்த ஓரமாக இருந்தால் திரவம் சுவரைப் பற்றிக்கொண்டு வழியும். டபரா அகலமாக இருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது, கொட்டினால் தாங்கிக்கொள்கிறது. ஒரே ஒரு விளிம்பு விறைப்பையும் பிடிப்பையும் ஊற்றுவதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. 1958-ல் இந்திய அரசின் அழைப்பில் வந்து அறிக்கை எழுதிய அமெரிக்க டிசைனர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி நம் சொம்பைத்தான் இப்படித் துருவித் துருவிக் கேள்வி கேட்டார்கள்: நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, தலையிலா இடுப்பிலா கையிலா எதில் தூக்குகிறார்கள், எப்படிக் கழுவுகிறார்கள். அந்தக் கேள்விகளை உங்கள் கோப்பையிடமும் ஸ்டூலிடமும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றுக்கும் உண்மையிலேயே பொதுவானது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அடி. முழுத் தட்டையான அடி எதிலும் தட்டையாக உட்காராது. சுட்ட மண்ணில் நடு கொஞ்சம் உப்பினாலும் பாத்திரம் ஆடும், அதனால்தான் அடியில் ஒரு வளையம் விட்டு நடுவைக் குழிக்கிறார்கள். தகட்டுத் தட்டின் நடுவை உள்நோக்கி லேசாக எழுப்புவதும் அதற்கே. தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கால் ஸ்டூல் ஆடாது, நான்கு கால் ஆடும். ஆனால் மூன்று கால் ஓரத்தில் உட்கார்ந்தால் சுலபமாகச் சாய்ந்துவிடும், அந்த விலையைத் தெரிந்துதான் கொடுக்கவேண்டும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கில் அடிப்பீடம் கனமாக, அகலமாக இருப்பது நிற்பதற்கு மட்டுமில்லை, மேல்தட்டிலிருந்து சொட்டுகிற எண்ணெயையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது. பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்ப்பதால் கழற்றித் தேய்க்கவும் முடிகிறது. அந்தச் சேர்மான இடங்களில் வருகிற வளையங்கள்தான் விளக்கின் அழகே.

உடம்பின் அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கும் கிடைக்கும். சாப்பாட்டு மேசை 73 முதல் 75 செ.மீ., இருக்கைக்கும் மேசைக்கும் நடுவே 27 முதல் 30 செ.மீ. நாற்காலி உயரம் 45 செ.மீ. என்று வெளிநாட்டு வரைபடங்களில் இருக்கும். நம் வீட்டில் பலருக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, கால் தரையில் படாமல் தொங்கும். நான் 41, 42-க்குத்தான் செய்கிறேன். மேசையையும் அதற்கேற்பக் குறைக்கிறேன். யாருக்காகச் செய்கிறீர்களோ அவரை உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்வதே சிறந்தது.

இப்போது தங்க விகிதம். 1.618 என்ற எண்ணைப் பின்பற்றினால் பொருள் அழகாகிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 1870-களில் ஜெர்மனியில் குஸ்தாவ் ஃபெக்னர் பல செவ்வகங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, அந்த விகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தவற்றைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அதே முடிவு நிலையாக வரவில்லை. பழைய கட்டடங்கள் எல்லாம் அதன்படி கட்டப்பட்டவை என்று சொல்வதில் பெரும்பகுதி பின்னால் கோடு போட்டுப் பார்த்தது. அதைப் பயன்படுத்தினால் தப்பில்லை. அலமாரிக்கு அகலமும் உயரமும் முடிவு பண்ண ஏதோ ஒரு தொடக்கம் வேண்டுமே, அதற்கு உதவும்.

என்னை அதைவிட யோசிக்கவைத்தது, சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கிற ஸ்தபதிகளின் முறை. சிற்ப மரபில் அளவு செ.மீ.யில் இருப்பதில்லை, சிலையின் உயரத்தையே பகுத்து வருகிறது. உத்தம தச தாளம் என்ற அளவில் மொத்த உயரம் 124 பங்கு, முகமும் கழுத்தும் மார்பும் தொடையும் அந்தப் பங்குகளில் இத்தனை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஸ்தபதி சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அந்தப் பிரிவுகளைக் குறித்துக்கொள்வார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடிக்கும்போது அந்த ஓலைதான் அளவுகோல். சிலை பெரிதானாலும் சின்னதானாலும் ஓலை மாறும், மடிப்பு மாறாது. இந்த எண்களைத் தூக்கி நாற்காலிக்குப் போடமுடியாது, அவை தெய்வ உருவத்துக்கானவை. முறையை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் செய்யப்போகும் ஸ்டூலின் உயரத்துக்கு ஒரு காகித நாடா வெட்டி, அதைப் பாதியாக, மூன்றாக, ஐந்தாக மடித்துப் பாருங்கள். குறுக்குச் சட்டம் எங்கே, இருக்கையின் கனம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த மடிப்புகளில் விழும்படி வைத்தால் பாகங்கள் ஒன்றோடொன்று உறவாக இருக்கும். இது பலன் தருகிறது என்பது என் அனுபவம், நிரூபித்த உண்மை என்று சொல்லமாட்டேன்.

உளித் தடம், சுத்தியல் தடம், விரல் தடம் தெரியவேண்டுமா மறையவேண்டுமா என்பதில் சரி, தப்பு கிடையாது. ஜப்பானில் 1920-களில் யனகி சோயெட்சு தொடங்கிய மிங்கேய் இயக்கம், பெயர் தெரியாத கைவினைஞர்களின் அன்றாடப் பாத்திரங்களில்தான் அழகு இருக்கிறது என்று வாதிட்டது. அமெரிக்க மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா, 1930-களின் இறுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டட வேலையில் இருந்தவர், பிற்பாடு பலகையின் விரிசலை மறைக்காமல் அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டை பதித்து மேசைகள் செய்தார். அந்தக் கட்டை விரிசல் மேலே போகாமல் பிடித்து நிறுத்துகிறது, அதனால் அது எனக்குப் பிடிக்கும். விரிசலே இல்லாத பலகையில் அழகுக்காக அதைப் பதிப்பது எனக்குப் பிடிக்காது. வேலை செய்கிற இடத்தில் விழுந்த தடம் நிற்கட்டும், செயற்கையாகத் தடம் போடவேண்டாம் என்பது என் ரசனை.

மூன்று பொருள்களையும் கலந்து செய்ய ஆசைப்படுவீர்கள், அதற்குச் சில எச்சரிக்கைகள். டானின் (மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து) அதிகமுள்ள மரத்தில் இரும்பு ஆணி அடித்தால் ஈரம் பட்டதும் சுற்றிலும் கறுப்புக் கறை படரும். அங்கே பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போடுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளி, மோர், எலுமிச்சை வைப்பதென்றால் உள்ளே பூச்சு கட்டாயம். பூசவேண்டியது வெள்ளீயம், காரீயம் கலந்தது நஞ்சு. ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான், அது 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் காலியாக அடுப்பில் ஏற்றக்கூடாது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் போடும் கிளேஸில் காரீயம் இல்லை என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இதில் ரசனைக்கு இடமே இல்லை.

கடைசியாக, உங்கள் "சரியாகத் தெரியவில்லை" பற்றி. பெரும்பாலும் நேர்முகப் படம் மட்டும் வரைகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நாற்காலியை யாரும் நேராக நின்று பார்ப்பதில்லை, மேலிருந்து சாய்வாகத்தான் பார்க்கிறோம், அப்போது கால் குட்டையாகவும் இருக்கையின் விளிம்பு தடிமனாகவும் தெரியும். அட்டையில் முழு அளவுக்கு வெட்டி ஒட்டி, அது நிற்கப்போகிற இடத்திலேயே சில நாள் வைத்துப் பாருங்கள். விளிம்பு தடிமனாகத் தெரிந்தால் பலகையை மெல்லிசாக்க வேண்டியதில்லை, அடிப்பக்க ஓரத்தைச் சரிவாகச் சீவினால் போதும், பலம் அப்படியே இருக்கும், கண்ணுக்கு ஒல்லியாகிவிடும். கோப்பையின் வாயிலும் இதே வேலையைச் செய்யலாம். அப்புறம், முதலில் பெரிய பொருளில் கைவைக்காதீர்கள். ஒரு ஸ்டூல், ஒரே மாதிரி நான்கு டம்ளர், ஒரு செம்புக் கிண்ணம் போதும். டம்ளர் நான்கையும் ஒரே மாதிரி செய்ய முயலும்போதுதான் உங்கள் கை எங்கே விலகுகிறது என்று தெரியவரும். ஸ்டூல் செய்யும்போது பலகையின் அகலத்தைப் பென்சிலால் அடியில் எழுதிவையுங்கள், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி அளந்து பாருங்கள். முடிந்ததைப் படம் எடுத்து அளவுகளோடு போட்டால், எது எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.